சரக்கு பிடிபட்ட வண்டி: மீட்பதா, அபராதம் கட்டுவதா, ஏலத்துக்கு விடுவதா?

இரவு பதினொன்றரை இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன். “இந்த நம்பர் வண்டி உங்க பேர்லயா இருக்கு? காலையில ஆர்.சி. புக்கை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க.” மேற்கொண்டு கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். டிரைவரின் போன் அணைந்து கிடந்தது. விபத்து என்றுதான் நினைத்தேன். வீட்டில் யாரும் தூங்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குக் காய்கறி ஏற்றிப் போன வண்டி. திரும்பும்போது காலி. அந்தக் காலி தக்காளி டிரேக்களுக்கு அடியில் இரண்டு அட்டைப் பெட்டி இருந்திருக்கிறது. பெட்டிக்கு 48 வீதம் 96 குவார்ட்டர் (180 மி.லி.) பாட்டில், அத்தனையும் புதுச்சேரி லேபிள். கணக்குப் போட்டால் 17 லிட்டர் சொச்சம். யாரோ கேட்டார்கள் என்று எடுத்து வந்தாராம் டிரைவர். அவருக்குக் கிடைக்க இருந்தது 800 ரூபாய். அதற்காக நாலு லட்சம் பெறுமான என் வண்டி செக்போஸ்ட்டில் நின்றது.

அது 2024 ஆகஸ்ட். ஜூனில்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, தண்டனையை ஆயுள் வரைக்கும் ஏற்றினார்கள். விழுப்புரம், கடலூர் எல்லையில் டூ வீலர் சீட்டைக்கூடத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்படிப் பார்த்ததில் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் குறையெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

நான் வக்கீல் இல்லை. இரண்டு லோடு வண்டி வைத்துப் பிழைப்பவன். ஆனால் அந்த ஒரு வண்டிக்காக அலைந்ததில் எந்தக் காகிதம் எங்கே போகிறது என்பது அத்துப்படியாகிவிட்டது. அதன்பிறகு ஸ்டாண்டில் யாருக்கு இப்படி நடந்தாலும் என்னிடம் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, எந்த வழியில போறது?” வழி ஒன்றல்ல. வண்டிக்கு வண்டி மாறும். நான் பார்த்த வரைக்கும் எழுதி வைக்கிறேன்.

ஒரு வார்த்தை, இரண்டு ஃபைல்

செய்தித்தாளில் “மது பாட்டில்களுடன் வாகனம் பறிமுதல்” என்று வருகிறதே, அந்தப் பறிமுதல் என்ற சொல்தான் முதல் குழப்பம். செக்போஸ்ட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதையும் பறிமுதல் என்கிறோம். அந்த வண்டி இனி அரசாங்கத்துச் சொத்து என்று உத்தரவு போடுவதையும் பறிமுதல் என்கிறோம். முதலாவது கைப்பற்றுவது, வண்டி இன்னும் உங்களுடையதுதான், போலீஸ் கையில் இருக்கிறது, அவ்வளவே. இரண்டாவதை ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் ‘கான்ஃபிஸ்கேஷன்’ என்பார்கள். அது முடிந்தால் வண்டி உங்களுடையதல்ல.

இந்த இரண்டும் இரண்டு தனித்தனி ஃபைல்கள். கைப்பற்றிய வண்டி, டிரைவர் மேல் உள்ள எஃப்.ஐ.ஆர்., மகஜர் (கைப்பற்றியதைக் குறித்து ஸ்டேஷனில் எழுதும் பட்டியல்) எல்லாம் மாஜிஸ்திரேட் கோர்ட் பக்கம் போகும். கான்ஃபிஸ்கேஷன் ஃபைல் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 14(4)-ன் கீழ் அதிகாரி மேஜையில் ஓடும். எங்கள் பக்கத்தில் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் கூடுதல் எஸ்.பி. அதைப் பார்க்கிறார். டிரைவர் குற்றவாளியா இல்லையா என்று கோர்ட் சொல்லும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். கோர்ட்டில் மனு போட்டாயிற்று என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பக்கம் நோட்டீசுக்குப் பதில் போகாததால் வண்டி அரசுடைமை என்று உத்தரவு வந்து நிற்கும்.

அந்த மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. இன்றைக்கு அதே சட்டம் இருக்க, 2003 முடிவிலிருந்து சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிறது. டாஸ்மாக் பாட்டிலோடு போனால் பயணி, எல்லை தாண்டி வந்த பாட்டிலோடு வந்தால் குற்றவாளி. ஸ்டேஷன் வாசலில் நான் இதைச் சொல்லிப் புலம்பியபோது என்னோடு வந்த வக்கீல் குமாஸ்தா, “இதையெல்லாம் டீக்கடையில பேசலாம், மனுவுல எழுத முடியாது” என்றார். சரிதான்.

இடைக்காலமாக வண்டியை எடுப்பது

கேஸ் முடியும்வரை வண்டியை நம் பொறுப்பில் வைத்துக்கொள்ளக் கோர்ட்டில் கேட்கும் மனு இது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451-வது பிரிவு என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 497. பழைய வக்கீல்கள் இன்னமும் 451 என்றுதான் சொல்கிறார்கள், குழம்ப வேண்டாம். புதுப் பிரிவில் ஒரு நல்லது சேர்ந்திருக்கிறது. சொத்து கோர்ட்டுக்கு முன் வந்த 14 நாளுக்குள் அதன் விவரத்தை எழுதி, போட்டோவோ வீடியோவோ எடுத்து, அதற்குப் பின் 30 நாளுக்குள் என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும் என்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

இந்த வழிக்கு முதுகெலும்பு, உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொன்னது. கைப்பற்றிய வண்டிகளை வருஷக்கணக்காக ஸ்டேஷனில் போட்டுவைப்பதில் யாருக்கும் பயனில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு, பத்திரமும் ஜாமீனும் வாங்கிக்கொண்டு, கேட்டபோது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்படைக்கலாம். இதுதான் சாரம். தமிழ்நாட்டில் எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சொன்னாலும் தெரிந்த தீர்ப்பு.

அரசுத் தரப்பு சொல்லும் ஒரே எதிர்ப்பு, “கான்ஃபிஸ்கேஷன் நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது, ஆகவே தரக்கூடாது” என்பது. எங்கள் கேசிலும் அதைத்தான் சொன்னார்கள். அது நிலுவையில் இருப்பது மட்டுமே இடைக்காலப் பொறுப்பில் கொடுப்பதற்குத் தடையாகாது என்று சென்னை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதிகள் அமர்வு) தீர்ப்பு 2010-ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் இருக்கிறது. எங்கள் வக்கீல் அதன் நகலை மனுவோடு வைத்தார். ஆனால் ‘நிலுவையில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கான்ஃபிஸ்கேஷன் உத்தரவே வந்துவிட்டால் இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். அப்புறம் அந்த உத்தரவை உடைக்கிற வேலைதான். ஆகவே இதில் நாள் கடத்தக்கூடாது.

எங்களுக்கு உத்தரவு வந்தது இப்படி: 25,000 ரூபாய் டெபாசிட், இரண்டு ஜாமீன்தாரர், ஆர்.சி. புக் அசல். வண்டியை விற்கக்கூடாது, பெயிண்ட் மாற்றக்கூடாது, பாடியில் கை வைக்கக்கூடாது, கூப்பிட்டால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மறுபடி இதே மாதிரிக் குற்றத்தில் சிக்கினால் இந்தச் சலுகை ரத்து. டெபாசிட்டைவிட ஜாமீன்தாரர் கிடைப்பதுதான் கஷ்டம். “சாராயக் கேஸா?” என்று கேட்டதும் சொந்தக்காரர்கள் போனை எடுப்பதில்லை. கடைசியில் என் தங்கை வீட்டுக்காரரும், எனக்கு டயர் போடும் கடைக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வண்டி வெளியே வந்தது 71-வது நாள். ஆனால் முழுதாக வரவில்லை. ஸ்டேஷன் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. முன் பம்பர் வழியாகக் கோரை முளைத்திருந்தது. பேட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை, தார்ப்பாய் இல்லை. எலி ஒயரிங்கைக் கடித்திருந்தது. மகஜரில் ‘ஒரு லோடு வாகனம்’ என்று மட்டும் எழுதியிருந்ததால் ஸ்டெப்னி இருந்தது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஓட வைக்க 23,000 ரூபாய் ஆனது. முதல் நாளே ஸ்டேஷனுக்குப் போய் வண்டியைச் சுற்றிப் போட்டோ எடுத்து, கிலோமீட்டர் ரீடிங்கையும் எடுத்து, தேதியோடு யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிடுங்கள். யாரும் தடுப்பதில்லை. எனக்குத்தான் அன்றைக்குத் தோன்றவில்லை.

ஓடிச் சம்பாதிக்கிற வண்டிக்கு இந்த வழியை முதலில் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் தவணை மாதம் 12,300. வண்டி நின்றாலும் தவணை நிற்காது. இரண்டு மாதத் தவணையும் நின்ற வருமானமும் சேர்ந்தாலே வக்கீல் ஃபீசும் டெபாசிட்டும் வந்துவிடும்.

மாஜிஸ்திரேட் மறுத்தால் செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு, இல்லையென்றால் உயர் நீதிமன்றம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நோட்டீசுக்குப் பதில் எழுதிச் சண்டை போடுவது

இது தனி வழி என்று நினைக்காதீர்கள். மற்ற எந்த வழியில் போனாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். எங்களுக்கு 40-வது நாள் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. உங்கள் வாகனத்தை ஏன் அரசுடைமையாக்கக் கூடாது என்று இத்தனை நாளுக்குள் விளக்கம் தரவும் என்று கேட்டிருந்தார்கள். ஆர்.சி.யில் உள்ள முகவரிக்குத்தான் வரும். வாடகை வீடு மாறி, ஆர்.சி.யில் முகவரி மாற்றாதவர்கள் கதி என்ன என்று நினைத்துக்கொள்ளுங்கள். ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று தபால் திரும்பும், உத்தரவு ஒருதலையாகப் போய்விடும்.

‘எனக்குத் தெரியாது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. விசாரணையில் அதிகாரி கேட்பது இரண்டு கேள்வி. தெரியுமா என்பது முதலாவது. உங்களுக்குத் தெரியாமல் இப்படி நடந்துவிடாதிருக்க நீங்கள் என்ன செய்து வைத்திருந்தீர்கள் என்பது இரண்டாவது. இரண்டாவதில்தான் பெரும்பாலான நிரபராதி உரிமையாளர்கள் விழுகிறார்கள். டிரைவரை வேலைக்கு வைக்கும்போது லைசென்ஸ் நகல் வாங்கினீர்களா? எழுதி வாங்கினீர்களா? டிரிப் ஷீட் உண்டா? இதற்கு முன் புகார் வந்ததா? நம்மூரில் டிரைவர் வேலை என்பது “நம்ம பையன்தான்” என்று யாரோ சொல்ல, சாவியைக் கையில் கொடுப்பது. காகிதம் எங்கே இருக்கும்?

என்னிடம் இருந்தவை: காய்கறி மண்டியின் லோடு பில், டிரைவருக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், அவருக்கு வங்கி வழியாகப் போட்ட சம்பளம், ஃபாஸ்டாக் விவரம். கடைசியாகச் சொன்னது இருபக்கமும் வெட்டியது. மொரட்டாண்டி டோல்கேட்டில் வண்டி வழக்கமாக இரவு ஏழு மணிக்குத் திரும்பும். அன்றைக்கு 8.52. வண்டி வழியில் என் சொல்லுக்கு மாறாக எங்கோ நின்றது என்று காட்டத்தான் அதைக் கொடுத்தேன். அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்: “உங்க போனுக்குத்தான் மெசேஜ் வந்திருக்கே. ரெண்டு மணி நேரம் லேட்டு. ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா?” நான் அன்றைக்கு ஒரு காதுகுத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மெசேஜைப் பார்க்கவே இல்லை. அதைத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னதால் நல்லது நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மாற்றிச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியில் மாட்டியிருப்பேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “வண்டியைப் போன வருஷமே விற்றுவிட்டேன், பேர்தான் மாற்றவில்லை” என்று எழுதச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். கேஸிலிருந்து தப்பலாம் என்று தோன்றும். ஆனால் வண்டி என்னுடையதில்லை என்று எழுதிக் கொடுத்த அதே கையால் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? உண்மையிலேயே விற்றவர்கள் நிலைமையும் மோசம்தான். விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29-ல் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். சொல்லாதவரைக்கும் நோட்டீஸ் பழைய முதலாளி வீட்டுக் கதவைத்தான் தட்டும். வாங்கியவர் மனு போட்டால் “நீ யார்?” என்பார்கள்.

உத்தரவு எதிராக வந்தால் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு இருக்கிறது, பிரிவு 14-ஏ. கெடு உண்டு. உத்தரவு கையில் வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். மேல்முறையீட்டில் நிற்கும் வாதம் பெரும்பாலும் நம் நல்ல குணம் அல்ல. நோட்டீஸ் முறையாக வந்ததா, பேச வாய்ப்புக் கொடுத்தார்களா, அபராதம் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார்களா, உத்தரவில் காரணம் எழுதினார்களா என்பதுதான். அதனால் விசாரணைக்குப் போகும்போது எழுதிக் கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் நகலில் தேதி முத்திரை வாங்கி வையுங்கள்.

அபராதம் கட்டி எடுப்பது

சட்டத்திலேயே இருக்கிற வழி. வண்டியை அரசுடைமையாக்குவதற்குப் பதில், சந்தை விலைக்கு மேற்படாத ஒரு தொகையைக் கட்டி எடுத்துக்கொள்ள உரிமையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும். வண்டியின் மதிப்பை மோட்டார் வாகன ஆய்வாளர் போட்டுத் தருவார். என் வண்டிக்கு நாலு லட்சத்துப் பத்தாயிரம் போட்டிருந்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே நாளில் முடிந்துவிடும், கோர்ட் வாசல் இல்லை, ஜாமீன்தாரர் இல்லை. ஆனால் நாலு லட்சம் கட்டினால் என் வண்டியை நானே இரண்டாம் தடவை விலைக்கு வாங்குகிறேன். முதல் தடவை வாங்கியதற்கே பைனான்சில் 2,36,000 பாக்கி. ‘மேற்படாத’ என்றால் முழு விலையும்தான் என்பதில்லை. குறைவாக நிர்ணயிக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சரக்கு அளவு குறைவு, இதுவே முதல் தடவை, உரிமையாளர் மேல் கேஸ் இல்லை என்பதையெல்லாம் எழுதித்தான் கேட்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? என் பெரியப்பா மகனின் 2011 மாடல் பைக் இதே மாதிரி மாட்டியது. மதிப்பு 14,000 போட்டார்கள். வக்கீல் ஃபீசே அதைத் தாண்டும். பேசாமல் கட்டி எடுத்துக்கொள் என்றேன், எடுத்துக்கொண்டான். அதே போல் வண்டி ஓட்டியது சொந்தத் தம்பியோ மகனோ என்றால், ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் நிற்பது கடினம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாதா என்பார்கள். அங்கேயும் அபராதப் பேச்சுதான் புத்திசாலித்தனம்.

கூகிளில் தேடிவிட்டு வருகிறவர்கள் பீகார், குஜராத் தீர்ப்புகளைக் காட்டுகிறார்கள். பீகாரில் 2016-லிருந்து முழு மதுவிலக்கு. வண்டிகள் மலைபோலக் குவிந்து, 2022-ல் சட்டத்தைத் திருத்தி அபராதம் கட்டி எடுக்க வழி செய்தார்கள். குஜராத்திலோ குறிப்பிட்ட அளவுக்கு மேல் மது பிடிபட்டால் தீர்ப்பு வரும்வரை பத்திரம் எழுதிக் கொடுத்தும் வண்டியை விடக்கூடாது என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. மதுவிலக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம். அந்தத் தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு திண்டிவனம் கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் தலையில் அடித்துக்கொள்வார்.

உயர் நீதிமன்றம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். “நேரா ஹைகோர்ட்ல போட்டுடலாம்ணே.” போடலாம். ஆனால் கீழே கேட்டாயா என்ற கேள்விதான் முதலில் வரும். எனக்குத் தெரிந்து மூன்று இடத்தில் அது சரியான வழி. மாஜிஸ்திரேட் மறுத்து, சீராய்விலும் ஒன்றும் நடக்காதபோது. நோட்டீசே தராமல் அரசுடைமை உத்தரவு போட்டிருக்கும்போது. அப்புறம், அதிகாரி நோட்டீசும் தராமல் வண்டியும் தராமல் மாதக்கணக்கில் ஃபைலை மூடி வைத்திருக்கும்போது. கடைசி வகையில் ‘இத்தனை வாரத்துக்குள் முடிவெடு’ என்று ஓர் உத்தரவு வாங்கினாலே காரியம் நகரும்.

சென்னைக்குப் போய்வரும் செலவும், அங்குள்ள வக்கீல் ஃபீசும் வேறு கணக்கு. இரண்டு லட்சத்துக்குக் கீழ் மதிப்புள்ள வண்டிக்கு நான் யாரையும் அங்கே அனுப்புவதில்லை.

ஏலத்துக்கு விட்டுவிடுவது

ஆயுதப்படை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, மதுவிலக்குக் குற்றங்களில் பிடிபட்ட வண்டிகளைப் பொது ஏலம் விடுவார்கள். முன்பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும், ஏலத் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு. ‘அப்போ போய் நம்ம வண்டியை நாமே குறைஞ்ச விலைக்கு எடுத்துக்கலாம்’ என்று ஸ்டாண்டில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏலம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வரும்போது பழைய வண்டி வியாபாரிகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். அதற்குள் வண்டியில் மிஞ்சுவது சேஸிஸ் நம்பர்தான்.

கடன் இல்லாத பழைய டூ வீலர், மீட்கிற செலவு வண்டி விலையைத் தாண்டுகிறது என்றால் விட்டுவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன் இருக்கிற வண்டியை மட்டும் அப்படி விடாதீர்கள். வண்டி போனாலும் கடன் போகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நாமும் நம் ஜாமீன்காரரும். என் பைனான்ஸ் கம்பெனி ஆள் போனில், “வண்டி எங்க இருந்தா எங்களுக்கென்ன சார், அஞ்சாம் தேதி தவணை வந்துடணும்” என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை. இன்சூரன்ஸ்காரர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். விபத்தா, திருட்டா என்றார்கள். இரண்டும் இல்லை என்றதும் பேச்சு முடிந்தது.

பைனான்ஸ் கம்பெனியே பாதிக்கப்பட்ட கதையும் உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், 1921-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கார் வழக்கு வந்தது. தவணை முடியும்வரை கார் தங்களுடையது என்று எழுதி வைத்துக்கொண்டு விற்ற ஒரு வியாபார நிறுவனம். வாங்கியவர் அதில் 58 காலன் சாராயம் கடத்தினார். நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது. இருந்தும் காரை அரசு எடுத்துக்கொண்டது சரிதான் என்றது கோர்ட். குற்றம் செய்தது கார்; கார்க்காரர் யார் என்பது கேள்வியே இல்லை என்ற பழைய இங்கிலீஷ்காரத் தத்துவம். அதை வைத்துப் பார்த்தால் நம் சட்டம் எவ்வளவோ தேவலை. நோட்டீஸ் தர வேண்டும், பேச விட வேண்டும், பணம் கட்ட வாய்ப்புத் தர வேண்டும், மேலே போக வழி வைக்க வேண்டும். அத்தனையும் காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதம் கைக்கு வருவதற்குள் பேட்டரியும் ஸ்டெப்னியும் போய்விடுகின்றன, அதுதான் விஷயம்.

அப்படியானால் எதை எடுப்பது?

ஸ்டாண்டில் யாராவது வந்தால் நான் மூன்றே கேள்விதான் கேட்பேன். வண்டி இன்றைக்கு என்ன விலை போகும்? கடன் பாக்கி எவ்வளவு? ஓட்டியது யார்?

விலை ஒரு லட்சத்துக்கு மேல், கடன் இருக்கிறது, ஓட்டியது சம்பள டிரைவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். முதல் வாரத்திலேயே இடைக்கால மனு. அதே கையோடு, நோட்டீஸ் வராவிட்டாலும் அதிகாரிக்கு ஒரு விளக்கக் கடிதம், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில். நான் நோட்டீசுக்காகக் காத்திருந்தது தப்பு. முந்திக்கொண்டு எழுதியிருந்தால் ஃபைலில் என் பக்கம் முதல் தாளாக இருந்திருக்கும். ஓட்டியது வீட்டு ஆள் என்றால் மனுவையும் கடிதத்தையும் போட்டுக்கொண்டே அபராதத் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவது. பழைய டூ வீலர் என்றால் அபராதம், அதுவும் கட்டுப்படியாகாது என்றால் ஏலம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வண்டியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முன்ஜாமீனுக்குப் போங்கள். ஸ்டேஷன் வாசலில் “எனக்கு உள்ள ஆள் தெரியும், ஒரு தொகை கொடுங்க, ராத்திரியே வண்டி வந்துடும்” என்று ஒருவர் வருவார். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு வண்டியை விட ஸ்டேஷனுக்கு அதிகாரம் கிடையாது. அந்தத் தொகையைப் பேட்டரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரைப் பற்றிக் கேட்பீர்கள். ஜாமீனில் வந்து ஒரு நாள் வீட்டுக்கு வந்தார், வாசலிலேயே நின்றார். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. இப்போது வைத்திருக்கும் டிரைவரிடம் பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன். திரும்பி வரும் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அதில் மூன்றாவது வரி. முதல் ஒரு வாரம் அவருக்கு முகம் சுருங்கியது. இப்போது கேட்காமலே அனுப்புகிறார்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கான்ஃபிஸ்கேஷன் ஃபைல் இன்னும் முடியவில்லை, டிரைவர் கேசும் முடியவில்லை. விற்க முடியாது, பெயிண்ட் அடிக்க முடியாது. ஸ்டேஷனில் சாவியை வாங்கும்போது அதில் குற்ற எண் எழுதிய ஓர் அட்டைத் துண்டு சணலில் கட்டியிருந்தது. அவிழ்க்கலாமா என்று ஏட்டையாவிடம் கேட்டேன். “எதுக்கும் இருக்கட்டுமே” என்றார். அட்டையில் எழுத்து அழிந்துகொண்டு வருகிறது, மேலே செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.